தடை போட்ட காவியம்

வீரமகுட ராஜா தன் காவியத்தைச் சபையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் விசிறி வீசிய மூக்காயி கொட்டாவி விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரே ஒரு சொல்லை மாற்றலாமே என்ற புலவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

"புலவர்கள் எல்லாம் இதை அழியாத காவியம் என்கிறார்கள். நீ கொட்டாவி விடுகிறாய்" என்றார் ராஜா. "இது அழியாது என்று நீயே நிரூபி. இல்லையென்றால் பொழுது சாயும்போது உனக்குத் தலை இருக்காது."

மூக்காயி விசிறியைக் கீழே வைத்தாள்.

"இதுக்குத் தடை போடுங்க மகாராஜா. யாராயிருந்தாலும் பொழுது சாயறதுக்குள்ள இந்தக் காவிய ஏட்டை இங்க ஒப்படைக்கணும், வச்சிருந்தா தலை போகும்னு தண்டோரா போடுங்க. உசுரு போனாலும் குடுக்க மாட்டேன்னு ஒருத்தராவது வச்சிருந்தா, அது அழியாது."

ஊரே ஒளித்துவைக்கும் என்று ராஜா பூரித்துப்போனார்.

தண்டோரா ஓயுமுன்பே வரிசை நீண்டது. முதல் ஆள் ஆஸ்தானப் புலவர். ஓடிவந்த வேகத்தில் மேல்துண்டைக் காணோம். பொழுது சாய்ந்தபோது சபை நடுவே ஏடுகள் ஆளுயரம் குவிந்திருந்தன.

"ஒருவன்கூடவா இல்லை?" என்றார் ராஜா. வாள்காரன் மூக்காயியை நெருங்கினான்.

"ஒருத்தர் இருக்காங்க மகாராஜா." அவள் ராஜாவின் மடியைக் காட்டினாள். "உங்க மடியில ஒரு ஏடு இருக்கே. நீங்க அதை வச்சுக்கிட்டா இது அழியாத காவியம்தான்."

வாள்காரன் நின்று, ராஜாவைத் திரும்பிப் பார்த்தான். 'யாராயிருந்தாலும்' என்றுதானே தண்டோரா; 'ஆணை உங்களுக்கு இல்லை' என்று சொல்லச் சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ராஜா மெல்ல இறங்கிவந்து தன் ஏட்டையும் குவியலில் வைத்தார். எழுதியவரே கைவிட்ட பிறகு, மூக்காயியின் தலையை எந்த வாயால் கேட்பார்?