மகாராஜாவின் கட்டைவிரலும் முப்பாட்டனார் செருப்பும்

மரகதபுரியை ஆண்ட உதயகேது மகாராஜாவுக்குப் பகைவர்களால் தொல்லை இல்லை. கால் கட்டைவிரலால்தான் தொல்லை. விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடி எலும்பு கொட்டைப்பாக்கு அளவுக்கு வெளியே புடைத்திருந்தது. வைத்திய நூல்கள் இதற்கு எத்தனை பெயர் சூட்டினாலும் வலி ஒன்றுதான்.

அரண்மனை வைத்தியர் கேசவராயர் தைலம் தடவினார், ஒத்தடம் கொடுத்தார், விரலிடுக்கில் பஞ்சு வைத்தார், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். இரவில் வலி இறங்கும். காலையில் சபைக்கு வந்ததும் ஏறிக்கொள்ளும். கடைசியில், எலும்பைச் செதுக்கிவிடலாம் என்றார். மகாராஜாவும் மறுநாளே கத்திக்குக் காலை நீட்டச் சம்மதித்துவிட்டார்.

மதியூகி ஆதிமூலத்துக்குக் காரணம் தெரியும். முப்பாட்டனார் முடிசூடிய அன்று அணிந்த கூர்மூக்குச் செருப்பைத்தான் அந்த வம்சத்து அரசர்கள் சபையில் அணிவார்கள். ஆனால் அதைக் குறை சொன்னால் நாடுகடத்தல். அந்தச் சட்டத்துக்கு யோசனை சொன்னவரே கேசவராயர்தான்.

மறுநாள் காலை சபையில், மகாராஜா செருப்பை அணியும் முன்பே ஆதிமூலம் எழுந்தார். "மகாராஜா, தங்களுக்குத் தரும் மருந்தை வைத்தியர்தானே முதலில் உண்டு காட்டுவார்?"

"ஆமாம். விஷத்துக்குப் பயந்து வந்த வழக்கம்."

"கத்திக்கும் அதே வழக்கம்தானே?"

கேசவராயர் தம் காலை நீட்டிக் காட்டினார். "என் காலில் புடைப்பே இல்லையே. எதைச் செதுக்குவது?"

"வரவழைத்துக்கொள்ளலாம். மகாராஜாவின் கால் வாழ்கிறபடியே உங்கள் காலும் வாழட்டும். இன்று சபை முடியும்வரை அந்தச் செருப்பை அணிந்து நில்லுங்கள்."

வைத்தியர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் செருப்புதான் காரணம் என்கிறீரா?"

"நான் எங்கே சொன்னேன்? முப்பாட்டனார் செருப்பை அணிவது பாக்கியம் என்கிறேன். வேண்டாம் என்பவர்தான் அதைக் குறை சொல்கிறார்."

வேறு வழியில்லை. வைத்தியர் அணிந்தார். முதல் வழக்கு முடிவதற்குள் ஒற்றைக்காலில் நின்றார். இரண்டாவது வழக்கில் தூணைக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வழக்கைக் கூப்பிடும்போதே அலறிவிட்டார்: "மகாராஜா, எலும்பைத் தொடவே வேண்டாம். செருப்பை மாற்றினால் போதும். இது செருப்பே இல்லை, இடுக்கி."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

மகாராஜா தம் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து அது வலிக்கவே இல்லை. வயிறு குலுங்கச் சிரித்து, சட்டத்தை அங்கேயே ரத்து செய்தார். புடைப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அகலமான செருப்பு தைக்கட்டும் என்று உத்தரவிட்டார்.

"ஆதிமூலம், என் காலைக் காப்பாற்றினீர். முப்பாட்டனார் செருப்பையே உமக்குப் பரிசாகத் தருகிறேன்."

ஆதிமூலம் இரண்டு கால்களையும் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் செய்த குற்றம் என்ன, மகாராஜா?"