அந்திமந்தாரையின் கடை நேரம்

பூவும் பூச்சியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூக்களுக்குக் கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. மலர்ந்தால் உதிரும்வரை திறந்தபடிதான். ஒவ்வொரு பூவும் ஒரு தேன்கடை. பசித்தவர்கள் எந்த வேளையில் வந்தாலும் வயிறாரக் குடித்துவிட்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போவார்கள். பூவுக்கு அதுதான் கூலி. அந்த மகரந்தம் ஊர் சுற்றினால்தான் பூ காயாகும், காய் விதையாகும். வாடிக்கை வராத பூவுக்கு வம்சம் இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

ஒரு குளம். குளத்து நடுவில் தாமரையம்மாளின் கடை. சும்மா சொல்லக்கூடாது, பெரிய கடைதான். வாசலே ஒரு சாண் அகலம். விடிந்தால் போதும், தேனீயும் வண்டுமாகக் கூட்டம் நெரியும். கரையில் வேலியோரமாக அந்திமந்தாரையின் கடை. குழாய் மாதிரி ஒடுங்கிய, சின்னக் கடை. அதற்குள் வண்டுக்கு உடம்பு நுழையாது, தேனீக்கு நாக்கு எட்டாது. அவளுக்கு இருந்த வாடிக்கை ஒரே கூட்டம்தான்: அந்துப்பூச்சிகள். நாக்கை நீட்டினால் அடிவரைக்கும் எட்டும். ஆனால் அவர்களுக்கு வெயில் ஆகாது. பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டுவார்கள்.

தாமரையம்மாளுக்குப் பொழுது சாய்ந்தால் கண் சொருகிவிடும். நாம் தூங்கும்போது கரையில் ஒருத்தி வியாபாரம் பண்ணுகிறாளே என்று அவளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அந்துப்பூச்சிகள் அவள் கடைப்பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை, வரப்போவதுமில்லை. இருந்தாலும் பொறுக்கவில்லை. வைக்கோல்போரில் படுத்த நாய் கதைதான், வேறென்ன?

குளக்கரைக்குத் தலைவர் ஓணான். தங்கமான மனுஷர். ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார். ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க இறங்கியபோது தாமரையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“தலைவரே, ஊர் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? கண்ட நேரத்தில் கடை, கண்ட நேரத்தில் சாப்பாடு. பொழுது விடிந்தால் திறக்கணும், சாய்ந்தால் சாத்தணும். எல்லாருக்கும் ஒரே நேரம். நான் சொல்வது நியாயம்தானே?”

ஓணான் தலையை ஆட்டினார்.

“மீறுகிற செடியில் வெள்ளாட்டை மேய விடணும். அப்போதுதான் பயம் இருக்கும்.”

அதற்கும் ஆட்டினார். முடிந்தது காரியம்.

உத்தரவை ஊருக்குச் சொல்லவும், தினமும் சாயங்காலம் கடை கடையாகப் போய்ப் பார்க்கவும் கருவண்டைக் கங்காணியாகப் போட்டார்கள். அவர் ரீங்காரம் போட்டுக்கொண்டே வேலியோரம் வந்து அந்திமந்தாரையிடம் உத்தரவைச் சொன்னார்.

“அண்ணே, பகலில் திறந்தால் என் கடைக்கு யார் வருவார்? என் ஆட்கள் வருவதே பொழுது சாய்ந்த பிறகுதானே?”

“எனக்குத் தெரியாதா, தங்கச்சி? ஆனால் உத்தரவு போட்டாச்சு. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் கருவண்டு. மனசில்லாமல்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்திமந்தாரை உத்தரவுக்குக் கட்டுப்பட்டாள். விடிந்ததும் திறந்தாள். வெயில் ஏறியது, ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் அப்படியே சாத்தினாள். மறுநாளும் அதே கதை. நான்கு நாளில் நாற்பது பூ வாடி உதிர்ந்தது, அதில் ஒன்றுகூட விதையாகவில்லை. அந்த வருஷம் விதை விழாவிட்டால் அவளோடு அவள் வம்சம் முடிந்தது.

நான்காம் நாள் பொழுது சாய்ந்து, அவள் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் ஒரு அந்துப்பூச்சி தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தாள். வயிறு நிறைய முட்டை. நாலு நாள் பட்டினி.

“அக்கா, இன்றைக்கும் சாத்திட்டீங்களா?”

அந்திமந்தாரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் பிள்ளைத்தாய்ச்சி பசியோடு நிற்கிறாள், உள்ளே தேன் இருக்கிறது, நடுவில் ஒரு உத்தரவு. இப்படியும் ஒரு பிழைப்பா என்று நினைத்தாள். நினைத்தவளுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது.

“அடியே, வேறெங்கும் போகாதே. என் இலைக்கடியில் படுத்துக்கொள். நாளைக்கு வெயில் தாழும்போது கூப்பிடுவேன். கொஞ்சம் சுட்டாலும் பொறுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடு. பிறகு நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மறுநாள் அந்திமந்தாரை காலையில் திறக்கவில்லை. உச்சிவெயிலுக்கும் திறக்கவில்லை. சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியதும் கதவைத் திறந்து, “வாடி” என்று கூப்பிட்டாள். அந்துப்பூச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள். நாலு நாள் பசியாயிற்றே, சீக்கிரம் தீருமா?

சூரியன் மறையத் தொடங்கியது. கருவண்டு வந்து நின்றார்.

“தங்கச்சி, நேரமாச்சு. சாத்து.”

“சாத்துகிறேன் அண்ணே. இவள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். பொழுது இருக்கும்போதே உட்கார்ந்தவள். பந்தியில் உட்கார்ந்தவளைப் பாதியில் எழுப்புகிற பழக்கம் நம் ஊரில் என்றைக்கு வந்தது?”

கருவண்டு மீசையைத் தடவிக்கொண்டார். அவர் பந்திக்கு முந்துகிற ஆள். சாப்பிடுகிறவரை எழுப்பினால் பாவம் என்பது உத்தரவுக்கு முன்பே அவருக்குத் தெரிந்த விஷயம்.

“சரி, காலையில் தலைவர் முன்னால் சொல்லிக்கொள்” என்று சொல்லிவிட்டுப் பறந்தார். அன்று அவர் பார்க்க வேண்டியதில் மிச்சமிருந்தது ஒரே கடை, தாமரையம்மாளுடையது.

பொழுது புலரும் முன்பே ஊர் கூடிவிட்டது. ஓணான் வேலிமேல் உட்கார்ந்தார். வெள்ளாடு அசைபோட்டுக்கொண்டு அந்திமந்தாரையின் பக்கத்தில் வந்து நின்றது. தாமரையம்மாள் கதவைக்கூடத் திறக்காமல் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“நேற்றுக் கண் சொருகும்போது பார்த்தேன், தலைவரே. நான் கதவைச் சாத்துகிறேன், அவள் விரியத் திறந்து வைத்திருக்கிறாள். ஆட்டை விடுங்கள்.”

ஓணான் தலையை ஆட்டினார். ஆடு ஓர் அடி எடுத்து வைத்தது.

“சாட்சி கேட்காமல் தண்டனை உண்டா, தலைவரே?” என்றாள் அந்திமந்தாரை. “கங்காணி அண்ணன் நேரில் பார்த்தவர். அவர் வந்து சொல்லட்டும்.”

ஓணான் அதற்கும் தலையை ஆட்டினார். ஆடு நின்றது. கருவண்டைக் கூப்பிட்டார்கள். ஆளைக் காணோம். அப்போதுதான் கருவண்டின் மனைவி அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

“சாயங்காலம் கடை பார்க்கப் போன மனுஷர் வீடு திரும்பலையே! யாராவது பார்த்தீங்களா?”

ஊரே கப்சிப் என்றானது. அந்த அமைதியில் குளத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய ரீங்காரம். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சத்தம் தாமரையம்மாளின் கடைக்குள்ளிருந்து வந்தது.

கிழக்கே சூரியன் எட்டிப்பார்த்தது.

“பொழுது விடிந்துவிட்டது, பெரியம்மா” என்றாள் அந்திமந்தாரை. “விடிந்தால் திறக்கணும் என்று உத்தரவு. திறங்கள்.”

தாமரையம்மாள் தயங்கினாள். வெள்ளாடு இப்போது குளத்தைத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் இதழ் இதழாகக் கதவைத் திறந்தாள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் அப்பிய ஓர் உருவம் உருண்டு வந்து இலைமேல் விழுந்தது. கருவண்டு என்று அவர் மனைவிக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

“என்னய்யா கோலம் இது?” என்றார் ஓணான்.

“நேரம் பார்க்கத்தான் போனேன், தலைவரே. வெளிச்சம் இருந்தது. ஒரு வாய் குடிக்கலாமென்று உட்கார்ந்தேன். பாதி குடிப்பதற்குள் கதவைச் சாத்திட்டாங்க. தட்டினேன், கத்தினேன். அம்மாள் நல்ல தூக்கம்.”

“கடை நேரம் பார்க்கப் போன ஆள் கடையிலேயே குடியிருந்தீரா?” என்று மனைவி பிடித்துக்கொண்டாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. ஆட்டுக்குப் புரையேறிவிட்டது.

அந்திமந்தாரை மட்டும் சிரிக்கவில்லை. “தலைவரே, என் வீட்டில் உட்கார்ந்தவளை நான் எழுப்பவில்லை. இவர்கள் வீட்டில் உட்கார்ந்தவரைப் பூட்டியே வைத்துவிட்டார்கள். இரண்டில் எது குற்றம்? நீங்களே சொல்லுங்கள்.”

தாமரையம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்கள் உத்தரவுப்படிதானே சாத்தினேன், தலைவரே? நான் செய்தது சரிதானே?”

எல்லாரும் ஓணானின் தலையைப் பார்த்தார்கள். அது ஆடவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் நிற்காத தலை அன்று அசையாமல் நின்றது.

“இல்லை” என்றார் ஓணான். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததில் அவருக்கே ஆச்சரியம். “எல்லாருக்கும் ஒரே நேரம் என்றது என் தப்பு. அவரவர் வாடிக்கை எப்போது வருமோ, அதுதான் அவரவர் கடை நேரம். ஆனால் சொன்ன நேரம் தவறக்கூடாது. உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பவும் கூடாது.”

கரையே அதிர்ந்தது. பூக்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நேரம் சொல்லின. முல்லை மாலைப்பொழுதைக் கேட்டாள். பீர்க்கம்பூவும் மாலையைத்தான் கேட்டாள். அல்லி, எனக்கு நிலா வந்தால் போதும் என்றாள். நித்தியகல்யாணி எழுந்து, “எனக்குச் சாத்துகிற பழக்கமே வராது, அப்படியே விட்டுவிடுங்கள்” என்றாள். ஓணான் பழையபடி தலையை ஆட்ட ஆரம்பித்தார், இன்றுவரை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார். வெள்ளாட்டுக்கு மட்டும் வாய்வரைக்கும் வந்தது கிடைக்காமல் போனது. அந்தக் கோபத்தில் எந்தச் செடியையும் ஒரு கடி கடிக்காமல் தாண்டிப் போவதில்லை.

அந்த வாரமே அந்திமந்தாரையின் காம்பில் மிளகு மாதிரி ஒரு கறுப்பு விதை உருண்டது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள். அடுத்த மழைக்கு வேலி முழுக்க அவள் பிள்ளைகள். அடுத்த வருஷம் ஊர் முழுக்க.

தாமரையம்மாள் என்னவோ தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. இன்றும் பொழுது சாய்ந்தால் சாத்திவிடுகிறாள், எழுந்திருக்க மறந்த வண்டு ஏதாவது உள்ளே மாட்டிக்கொள்கிறது. அந்திமந்தாரை வெயில் தாழத் திறக்கத் தொடங்கியதும் அந்தப் பஞ்சாயத்து நாளிலிருந்துதான். விடியும்வரைக்கும் அவள் சாத்துவதில்லை, கடைசியாக உட்கார்ந்தவள் இன்னும் சாப்பிட்டு எழுந்திருக்கவில்லையே.