வெறும் பொட்டல் என்று எழுதிய நரி

மரமே அதிகமில்லாத ஒரு முள்காட்டில் ஆட்காட்டிக் குருவி ஒன்று வாழ்ந்தது, பிள்ளைகளே. மரத்தில் கூடு கட்டும் பழக்கம் அதற்கில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே, தரையிலேயே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டைகளும் கல் நிறம்தான்.

அந்தக் காட்டில் எவரும் புதியவருக்குத் தன் வீட்டைக் காட்டிக்கொடுப்பதில்லை. முயல் புதருக்குள் மூச்சை அடக்கிக்கொள்ளும். உடும்பு பொந்துக்குள் போய்விடும். ஆட்காட்டியோ முட்டைகளை விட்டுத் தள்ளிப்போய் நின்று கத்தி, வந்தவரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு நாள் சிங்கராஜாவின் மந்திரி நரி வந்தது. ராஜாவின் குகையில் விளக்கு எரிய வேண்டுமாம். வெயிலைப் பிடித்து வெளிச்சமாக்கும் கறுப்புப் பலகைகளை ஆயிரக்கணக்கில் பரப்ப வேண்டுமாம். யாரும் குடியிராத இடமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தது சிங்கம்.

"ஏம்மா, இங்க யாரெல்லாம் குடியிருக்காங்க?" என்று கேட்டது நரி.

"யாருமில்லீங்க. நானே வழி தவறி வந்தவ" என்றது ஆட்காட்டி. முட்டைகள் தப்பித்தன என்று அதற்கு உள்ளூரச் சந்தோஷம்.

நரிக்கு உண்மை தெரியாதா என்ன? இதே காட்டில் முயல் பிடித்துத் தின்று வளர்ந்த நரிதானே அது! ஆனாலும், "வெறும் பொட்டல். குடியிருப்போர் எவருமில்லை" என்று ஓலையில் எழுதிக்கொண்டு போனது. குகைக்கு மேலேயே மொட்டைப் பாறை ஒன்று சும்மா வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே பலகைகளை ஏற்றினால் மந்திரிக்கு உடம்பு வலிக்குமே!

மறுவாரம் காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து முள்ளையெல்லாம் பிடுங்கித் தரையைச் சமப்படுத்தத் தொடங்கின. ஆட்காட்டி முட்டைகளின் மேல் நின்றுகொண்டு அலறியது.

"வராதீங்க! இங்க என் முட்டை இருக்கு!"

"முட்டை இருந்தா இங்கயா நின்னு கத்துவே? உன் வேலை எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தன பன்றிகள்.

நான்கு முட்டைகளும் குளம்படியில் கூழாயின.

ஆட்காட்டிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நேரே சிங்கத்தின் முன்னால் போய் இறங்கி, நடந்ததைச் சொல்லி நியாயம் கேட்டது.

"யாருமில்லைன்னு நீதானே சொன்னே?" என்று நரி முந்திக்கொண்டது.

"ஆமா, சொன்னேன். நீ முட்டையைத் தின்ன வந்திருக்கியோன்னு பயந்து சொன்னேன். நீ அங்கயே வளர்ந்தவன்தானே? முயல் எந்தப் புதர்ல இருக்குன்னு மோப்பம் பிடிக்கிற மூக்கு, எழுதும்போது மட்டும் அடைச்சுக்கிச்சா?"

சிங்கம் நரியைப் பார்த்தது.

"பலகை எல்லாத்தையும் பாறைக்கு ஏத்து. ஒவ்வொண்ணா, உன் முதுகுலயே சுமந்து ஏத்து!" என்று உறுமியது சிங்கம்.

நரி முதுகு ஒடியச் சுமந்தது. பாறையில் வெயிலுக்கா பஞ்சம்? குகையில் விளக்கு நன்றாகவே எரிந்தது.

சிங்கம் பெருமையோடு ஆட்காட்டியைக் கூப்பிட்டது. "உன் காட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இனி சந்தோஷம்தானே?"

புதரும் பொந்தும் இல்லாமல் வழித்துப்போட்டதுபோல் கிடந்த தரையை ஆட்காட்டி திரும்பிப் பார்த்தது.

"எந்தக் காட்டை?" என்று கேட்டது.

நீதி: இருப்பவரை இல்லை என்று தெரிந்தே எழுதுபவன், அவர் வீட்டை இடிப்பவனைவிடக் கொடியவன்.