நீட்டிய கை

விபத்து நடந்த இடத்திலேயே மயக்க மருந்து கொடுக்கும் வித்தையை டாக்டர் தவமணியிடம் கற்றவர்களில் செங்குட்டுவன் கைராசிக்காரன் என்று பெயரெடுத்தவன். ஆடுகிற ஆம்புலன்ஸிலும் அவன் ஊசி நரம்பைத் தவறவிடாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்டவன் ஒரு காலையில் அவர் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"மேடம், முந்தாநாள் மலைப்பாதை வளைவுல லாரி அடிச்சதே, பைக்ல வந்த மாதேஷ்..."

"பிழைச்சுட்டாரே. எல்லாரும் உன்னைத்தானே புகழ்றாங்க."

"அவர் சம்சாரம் காவேரியும் பின்னால உட்கார்ந்து வந்திருக்காங்க. சரிவுல, முள்ளுக்குள்ள விழுந்து கிடந்தாங்க. நேத்துதான் ஆடு மேய்க்கிறவங்க பார்த்தாங்க. உயிர் இல்ல."

தவமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

செங்குட்டுவனின் குரல் உடைந்தது. "அன்னிக்கு வாய் நிறைய ரத்தத்தோட கத்தினார் மேடம். ஒரு வார்த்தையும் புரியல. சரிவுப் பக்கமா கையை நீட்டிக்கிட்டே இருந்தார். வலியில முரண்டு பண்றார்னு நினைச்சேன். அந்தக் கையை அமுக்கிப் பிடிச்சுத்தான் ஊசி போட்டேன்."

தவமணி எழுந்து அவன் அருகில் வந்தார்.

"மருந்து கொடுத்தது தப்பா மேடம்?"

"இல்ல. மயக்கித் தொண்டையில குழாய் விடலைன்னா மூச்சடைச்சு அவரும் போயிருப்பார்."

"அப்போ நான் செஞ்சது சரிதானே?"

"சரிதான்."

அந்தச் சொல் அவனுக்கு ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலாம் என்று இருந்தது.

"அவர் அடங்கினதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று தவமணி கேட்டார்.

அவன் தலை குனிந்தான்.

"நிம்மதியா இருந்துச்சு."

"சுத்திமுத்திப் பார்த்தியா?"

"இல்ல மேடம். சத்தம் நின்னதும் கிளம்பிட்டோம்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவனே சொன்னான்.

"இன்னிக்குக் கண் முழிச்சுட்டார். 'காவேரி எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். யாரும் சொல்லல. நான்தான் போய்ச் சொல்லணும்."

"சொல்லு. எதையும் மறைக்காத."

"தாங்கமாட்டார் மேடம். கத்துவார். முதல்லயே தூங்க ஒரு ஊசி போட்டுட்டா..."

தவமணியின் கண்கள் கலங்கிவிட்டன.

"வேண்டாம்ப்பா. இந்தத் தடவையாவது அவர் கத்தி முடிக்கட்டும்."