வீட்டிலிருந்து வந்த பதினேழு பேர்

செங்குளம் நகராட்சி ஒரு வாடகைக் குடியிருப்போர் உதவி மையம் நடத்தியது. அங்கே வேலை பார்த்தவள் மாரிக்கொழுந்து ஒருத்திதான். குடியிருப்பவரை வீட்டுக்காரர் துரத்தினால், இவள் போய்ப் பேசித் தடுப்பாள்.

மையத்தை மூடிவிட நினைத்தார் நகர்மன்றத் தலைவர் நல்லபெருமாள். “ஏம்மா, வீடில்லாதவங்க காப்பகத்துல நாற்பது கட்டில் போட்டிருக்கோம். பன்னிரண்டு காலியா கிடக்கு. அப்புறம் உன் மையம் எதுக்கு?”

“ஜனங்க தெருவுக்கு வராம மையம் தடுத்ததாலதாங்க ஐயா காலி.”

“ஓகோ! அப்படி வராதவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டு, பார்ப்போம். வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா மூடிடுவோம்.” கூட இருந்த மன்ற உறுப்பினர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்துக்கு அவள் பதினேழு பேரை அழைத்து வந்தாள். தலைவாரி, இஸ்திரி போட்ட துணியோடு வரிசையாக நின்றார்கள்.

தலைவருக்குக் கோபம் வந்தது. “யாரை ஏமாத்தப் பார்க்கிறே? இவங்க எல்லாரும் வீடு வாசலோட இருக்கிறவங்க!”

“ஆமாங்க ஐயா.” மாரிக்கொழுந்து பதினேழு காகிதங்களை மேசைமேல் வைத்தாள். எல்லாம் போன வருடம் இவர்களுக்கு வந்த, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்கள்.

மன்றத்தில் தலைவர் பேசுவதை எழுதுவது எழுத்தரின் வேலை. ‘இவங்க எல்லாரும் வீடு வாசலோட இருக்கிறவங்க’ என்று தலைவர் சொன்னதையும் எழுத்தர் அப்படியே எழுதியிருந்தார். இப்போது கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மெல்லத் தலைவர் முன் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

தலைவர் பதினேழு நோட்டீஸ்களையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மையத்தை மூடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.