மூலை கிழிஞ்ச கடுதாசி

கால நீட்டிப் படு. வெளக்க அணைச்சாச்சு. நடுவுல எந்திரிச்சு தண்ணி வேணும், அது வேணும்னேன்னு வையி, பெரியம்மா கதைய அப்படியே விட்டுட்டுத் தூங்கிருவேன். "ம்" மட்டும் கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு அழகுபேச்சி. அவளுக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. இருந்தது ஒரே ஒரு அண்ணன், கொம்பையா. அவனும் மனசு விட்டுப்போயி மலைமேல ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டான். ஏன் போனான்? அவங்க அம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ, ஆத்துக்கு அந்தப் பக்கம் போயி வைத்தியரக் கூட்டியார ஓடினான். வர்றதுக்குள்ள அம்மா கண்ண மூடிட்டா. அப்போ இவ அழுதுகிட்டே சொல்லிட்டா, "நீ மெதுவா வந்ததாலதான் அம்மா செத்தா"ன்னு. சொல்லலாமா அப்படி? ம், சொல்லிட்டா. காரியம் முடிஞ்ச மறுநாளே அவன் துணிய மூட்டையாக் கட்டிட்டுக் கெளம்பிட்டான்.

அப்புறம் ஒரு வருசம் வீட்ல இவ மட்டுந்தான். கோழிகிட்டப் பேசுவா, சொவத்துகிட்டப் பேசுவா. மனுசங்க யாராச்சும் வந்தா உள்ள போயிக் கதவச் சாத்திக்குவா. பேசிப் பேசித்தானே எல்லாத்தையும் கெடுத்தோம்னு தன் வாயக் கண்டாலே அவளுக்குப் பயம். பாவம், அவ்வளவு ஒத்தையாப் போயிட்டா.

அப்போ ஒருநா நெனச்சா, அண்ணனுக்கு ஒரு கடுதாசி எழுதுவோம்னு. படிச்சது மூணாப்பு. எழுத்து கோழி கிண்டுனாப்புல இருக்கும். எழுதுவா, சர்ருன்னு கிழிப்பா. எழுதுவா, சர்ருன்னு கிழிப்பா. "இதப் படிச்சா சிரிப்பான்"னு அவளே சொல்லிக்குவா. கடைசியா பென்சில அழுத்திப் புடிச்சு எழுதினா: "அண்ணே, நான் சொன்னது தப்பு. வா." கீழ பேரு போட்டா. நாலு மூலையிலயும் மஞ்சளத் தடவினா.

மஞ்சள் எதுக்கா? நல்ல சேதின்னா மஞ்சள் தடவணும். சாவுச் சேதின்னா ஒரு மூலையக் கிழிச்சு அனுப்புவாங்க. அந்தக் கடுதாசிய வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டாங்க. வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு, தலைக்குக் குளிச்சிட்டுத்தான் உள்ள போவாங்க. புரிஞ்சுதா? ம்.

மலைக்குத் தபால்காரர் போறதில்ல. அவளேதான் கொண்டுபோகணும். கடுதாசிய இடுப்புல சொருகிட்டுக் காலையிலயே கெளம்பிட்டா.

மொதல்ல ஆறு வந்துச்சு. ஓ...ன்னு எரைச்சல். எறங்கினா, முழங்காலு, இடுப்பு, நெஞ்சுன்னு தண்ணி ஏறுது. பாறைக்குப் பாறை புடிச்சுப் புடிச்சு, ரெண்டு தடவ வழுக்கி, அழுது, அக்கரை சேர்றதுக்குள்ள சூரியன் உச்சிக்கு வந்துருச்சு. கடுதாசியில மஞ்சளெல்லாம் கரைஞ்சு போச்சு. கரையில உக்காந்து ஆத்தையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

அப்புறம் முள்ளுக்காடு. சொதசொதன்னு ஈரப் பாவாடை, சதக் சதக்னு முள்ளு. ஒரு முள்ளு இடுப்புக் கடுதாசிய இழுத்துருச்சு. பர்ர்ர்... ஒரு மூலை போயே போச்சு. அவ அதக் கவனிக்கவே இல்ல கண்ணு.

மூணாவது என்ன? புலியா? இல்ல. தோட்டத்து வாசல்தான். அதான் இருக்குறதுலயே பெருசு. தூரத்துல அண்ணன் முதுகத்தான் பாத்தா. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கல. அங்க கஞ்சி காய்ச்சுற மாடத்திகிட்ட கடுதாசிய நீட்டி, "கொம்பையாகிட்டக் குடுத்துருங்க"ன்னு சொல்லிட்டு ஓடிப்போயி ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னுகிட்டா.

மாடத்தி கொண்டுபோயிக் குடுத்தா. அவன் கையில வாங்கினான். மஞ்சளு இல்ல, மூலையும் இல்ல. அடியில பாத்தா அழகுபேச்சின்னு பேரு. பேரப் பாத்ததுமே தங்கச்சிதான் செத்துட்டான்னு நெனச்சுட்டான், உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே இல்ல. "எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதானே"ன்னான். சர்ருன்னு கிழிச்சான். அப்படியே தரையில உக்காந்து தலையில அடிச்சுகிட்டு அழுதான். "அம்மாவுக்கும் நேரத்துக்கு வரல, ஒனக்கும் வரலியேம்மா..."

மரத்துக்குப் பின்னாடி இவ நிக்குறா. அவன் எந்திரிச்சுத் தலைக்குக் குளிக்க ஓடைப் பக்கம் நடக்குறான். ஒரு எட்டு, ரெண்டு எட்டு. வாயத் தொறந்தா, காத்துதான் வருது. எழுதினதெல்லாம் மண்ணுல கெடக்கு. இனி அவதான் பேசணும், வேற யாரு பேசுவா?

"அண்ணே! நான் சாகல!"

கத்தினா பாரு, தோட்டத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அவன் நின்னான். திரும்பினான். அவ ஓடிப்போயி முன்னாடி நின்னு, மூச்சு வாங்க, "அந்த ஆத்த இன்னைக்குத்தான் கடந்தேண்ணே. அத யாராலயும் வெரசாக் கடக்க முடியாது. நீ மெதுவா வரல"ன்னா.

கடுதாசியில இது இல்லியே, பாத்தியா? அவன் அவ ஈரத் தலையில கைய வச்சுகிட்டு, "ஒரு வருசமா இத யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்டி"ன்னு சொல்லி அழுதான். அவளும் அழுதா. கஞ்சி தீஞ்சு போச்சு, மாடத்தி திட்டினா.

என்ன? கூடவே வந்தானாவா? இல்ல கண்ணு. ஏலக்காப் பறிப்பு முடியாம விட மாட்டாங்க, முடிஞ்சதும் வந்துடுறேன்னான். ஆறு வரைக்கும் கொண்டுவந்து விட்டான், கையப் புடிச்சு அக்கரை சேத்தான். மிச்ச தூரம் அவ ஒத்தையாத்தான் நடந்தா. பயமாத்தான் இருந்துச்சு, நடந்தா. மூணு மாசம் வீட்ல ஒத்தையாத்தான் இருந்தா. அப்பப்போ அழுதா. ஆனா முன்னாடி மனசு விட்டுப் போன அண்ணன நெனச்சு இருந்தவ, இப்போ வேலைக்குப் போன அண்ணன எதிர்பாத்து இருந்தா.

ம்... சத்தமே காணோம். சரி சரி, அவ வீடு போய்ச் சேந்துட்டா, கதையும் சேந்துருச்சு. நீயும் தூங்கு.