மெமரிக்குக் காற்று வீசியவர்

காந்திபுரத்தில் சுகந்தியின் கம்ப்யூட்டர் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் பாகம் பாகமாகச் சேர்த்து யார் பூட்டினார்களோ அவர்கள் பெயரை, பக்கவாட்டு மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதித்தான் வெளியே அனுப்புவாள். வாங்குகிறவர் கண்ணில் அது படவே படாது. ஆனாலும் எழுதுவாள்.

மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டியாயிற்று. இன்சூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வயதில் தனக்கு ரொம்ப இளையவளான சுகந்தியிடம் தொழில் கற்க வந்து சேர்ந்த மனுஷன். "இந்த வயசுல ஸ்க்ரூடிரைவரா?" என்று வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் பெயர் எழுதிய மெஷின் ஒன்று அந்தக் கடைப்படி இறங்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

"அம்மிணி, என் பேர்ல ஒண்ணு எப்பங்க வெளிய போகும்?" என்று வாரம் தவறாமல் கேட்பார்.

"போகும், போகும். அவசரப்படாதீங்ணா" என்பாள் சுகந்தி.

ஒருநாள், கல்யாண வீடியோ எடுக்கும் லோகு ஒரு மெஷினுக்குச் சொல்லியிருந்தான். பெரிய கிராபிக்ஸ் கார்டு, அதற்கு ஈடாக அதிவேக மெமரிப் பட்டை இரண்டு. "இதை முழுசா நீங்களே பூட்டுங்க" என்றாள் சுகந்தி.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். எல்லாம் பூட்டி முடித்ததும், மெமரியை அதன் உச்ச வேகத்தில் வைத்துச் சோதனை புரோகிராமை ஓடவிட்டார். அது மெமரியின் மூலைமுடுக்கெல்லாம் எதையாவது எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஓரிடத்தில் பிசகினாலும் திரையில் சிவப்பாகக் காட்டிவிடும். காலையிலிருந்து ஓடியும் சிவப்பு என்ற பேச்சே இல்லை.

"இங்க வந்து பாருங்க அம்மிணி! ஒரு தப்பு இல்லீங்க!" காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சுகந்தி வந்து பார்த்தாள். மூடி கழற்றிய மெஷின் மேசைமேல் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு டேபிள் ஃபேன், மெமரியைப் பார்த்தபடி வீசிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேர்க்குதுங்ணா" என்று சொல்லி, ஃபேனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் நாற்காலிக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, அது சூடாயிடுமுங்களே!"

"லோகு வீட்டுல யாருங்ணா வீசிக்கிட்டு நிப்பாங்க? நீங்களா?"

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். மூடியைப் போட்டு இறுக்கினார். கிராபிக்ஸ் கார்டுக்கும் கனமான வேலை ஒன்றைக் கொடுத்து, கூடவே மெமரி சோதனையையும் ஓடவிட்டார். கார்டு கக்கிய சூடெல்லாம் பெட்டிக்குள்ளேயே சுற்றியது. வந்த டீ ஆறுவதற்குள் திரையில் சிவப்பு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவர் முகம் சுண்டிப்போனது. இரண்டு மெமரியையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டினார். ஒன்று சுத்தம். மற்றது சூடேறினால் உளறியது. கடையில் அதற்கு மாற்று இல்லை, மறுநாள்தான் வரும்.

"காலையில நல்லாத்தானுங்களே இருந்துச்சு? அதுக்குள்ள என்ன வந்துச்சு இதுக்கு?"

"காலையிலயும் அது இப்படித்தான் இருந்துச்சு. அது தோத்துடக் கூடாதுன்னு ஃபேன் வெச்சு நீங்க பார்த்துக்கிட்டீங்க."

சுகந்தி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"லோகு வர்ற நேரமுங்க. அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"மெஷின் உங்களுது. நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

மாசிலாமணி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பழையபடி இரண்டு மெமரியையும் போட்டு மூடினார். மெஷின் அழகாகத்தான் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. மார்க்கர் வேறு சட்டைப் பையிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இன்றைக்கே தன் பெயர் படி இறங்கிவிடும்.

லோகு வந்தான். தன் வீடியோ ஒன்றைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

"சூப்பருங்ணா! கட்டிக் குடுங்க, கிளம்பறேன்."

மாசிலாமணி மெஷின்மேல் கையை வைத்தார்.

"தர முடியாதுங்க தம்பி."

"என்னங்ணா, விளையாடறீங்களா?"

"ஒரு மெமரி சூட்டுல தப்புப் பண்ணுது. மாத்தி, மறுபடி மூடிப் போட்டு ஓட்டிப் பார்த்துட்டுத்தான் தருவேன்."

"இப்ப என் கண்ணு முன்னால ஓடுச்சே!"

"இப்பத்தான் ஆன் பண்ணுனோம், இன்னும் சூடே ஏறலீங்க. நாளெல்லாம் வேலை செஞ்சுட்டு, வீடியோவுல தாலி கட்டற இடத்துல நின்னுபோச்சுன்னா அந்த வீட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அட போங்ணா! எதிர்க்கடையில கேட்டா இந்நேரம் கட்டிக் குடுத்திருப்பான்."

"தாராளமா வாங்குங்க. அங்கயும் மூடிப் போட்டு, சூடேத்தி ஓட்டச் சொல்லி வாங்குங்க."

லோகுவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்க பேர் என்னங்க? மேடம்கிட்டப் பேசிக்கறேன்."

"மாசிலாமணி. நல்லாச் சொல்லுங்க."

குரல் கடைக்கு வெளியே வரை கேட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மனுஷன்தான். அந்தப் பெயரை இவ்வளவு கம்பீரமாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தலை குனியவில்லை. லோகு விருட்டென்று வெளியேறி, படியிலிருந்து திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கு எப்ப வரட்டும்?"

"சோதனை முடிஞ்சதும் கூப்பிடறேன்."

சுகந்தி திரும்பி வந்தாள். மெஷின் மேசைமேலேயே இருந்தது. மாசிலாமணி பழுதான மெமரியைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டிருந்தார்.

"வழியில லோகுவைப் பார்த்தேன்" என்றாள். "உங்க பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான்."

"கத்தட்டுமுங்க." பிறகு அவர் குரல் இறங்கியது. "ஆனா இன்னைக்கும் என் பேர்ல ஒண்ணும் வெளிய போகல, அம்மிணி."

சுகந்தி அந்த மெமரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"போறது யார் பேர்லயும் போகுமுங்ணா. இன்னைக்கு ஒண்ணு போகாம நின்னுச்சே, அது உங்க பேர்லதான் நின்னுச்சு."